பெர்லினில் முதல் கிளப் இரவு: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

பெர்லினுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிற நம் ஆட்கள் வந்த கொஞ்ச நாளிலேயே கேட்கிற கேள்வி, "சனிக்கிழமை இரவு எந்த கிளப்புக்குப் போகலாம்?" என்பதுதான். கிடைக்கிற பதிலும் பெரும்பாலும் ஒரே பெயர்: பெர்க்ஹைன். ஆறேழு பேராகக் கிளம்பிப் போய், குளிரில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, வாசலில் ஒரு தலையசைப்போடு திருப்பி அனுப்பப்பட்டு, "இந்த ஊர் நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு இந்த ஊர் இரவுகள் ரொம்பப் பிடிக்கும், அதனால் இப்படி யாராவது சொல்லும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கிளப்பின் பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன இசை, பிறகு எந்த நேரம், பிறகு யாரோடு, அதற்கப்புறம்தான் எந்த இடம். இந்த வரிசையில் யோசித்தாலே பாதி ஏமாற்றம் குறைந்துவிடும்.

ஊர் எப்படி இயங்குகிறது

பெங்களூரில் இரவு 1 மணி ஆனால் விளக்கைப் போட்டு எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். பெர்லினில் 1 மணிக்குத்தான் ஆட்களே வரத் தொடங்குவார்கள். மேற்கு பெர்லினில் பார்களையும் உணவகங்களையும் இரவில் மூடியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 1949-லேயே எடுத்துவிட்டார்கள். ஹைன்ஸ் செல்லர்மாயர் என்ற ஹோட்டல்காரர் அமெரிக்கப் படைத் தளபதியிடம் ஒரு விஸ்கி பாட்டிலோடு போய்ப் பேசி அனுமதி வாங்கினார் என்பது இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் கதை.

இன்றைய கிளப்களின் கதை அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்திருந்த சுவர் 1989-இல் விழுந்ததும் கிழக்குப் பக்கம் கைவிடப்பட்ட ஆலைகள், கிடங்குகள், நிலவறைகள் ஏராளமாகக் கிடந்தன. அவற்றில் பல யாருக்குச் சொந்தம் என்றே தெரியாத நிலை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய டெக்னோ என்ற மின்னணு நடன இசை அந்த வெற்றிடங்களில் வந்து குடியேறியது, இரு பக்கத்து இளைஞர்களும் முதல்முறையாக ஒன்றாக ஆடினார்கள். 1991-இல் ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பாதுகாப்புப் பெட்டக அறையில் தொடங்கியதுதான் ட்ரெஸோர் கிளப். 2024-இல் பெர்லினின் டெக்னோ கலாச்சாரத்தை யுனெஸ்கோவின் ஜெர்மன் பிரிவு நாட்டின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே, 2016-இல், பெர்க்ஹைன் நிகழ்ச்சிகளுக்கு இசைக் கச்சேரிகளுக்கு உரிய குறைந்த வரிதான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இங்கே உள்ளே இருப்பவர்கள் இதை ஒரு கச்சேரியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். குடிக்க ஓர் இடம், கூட ஏதோ பாட்டும் ஓடும் என்ற எண்ணத்தோடு போனால் வாசலிலேயே அது தெரிந்துவிடும்.

என்ன கேட்கப் பிடிக்கும் என்று உங்களையே கேளுங்கள்

நேர்மையாகக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த பாட்டு வரவேண்டும், சேர்ந்து பாட வேண்டும், நண்பர்களோடு கத்த வேண்டும் என்றால் அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அதற்கு டெக்னோ கிளப் இடமல்ல. பாலிவுட் இரவுகளும், நம் குத்துப் பாட்டு போடும் இரவுகளும் அவ்வப்போது ஏதாவது ஓர் அரங்கை வாடகைக்கு எடுத்து நடத்தப்படுகின்றன. இந்திய மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில்தான் முதலில் செய்தி வரும். ஆங்கில ஹிட் பாட்டுகள் போதும் என்றால் வார்ஷவர் ஸ்ட்ராஸ ரயில் பாதையின் அடியில் இருக்கும் மேட்ரிக்ஸ் போன்ற இடங்கள் உண்டு. சுற்றுலா வந்த இளைஞர்கள்தான் அங்கே அதிகம். உள்ளூர்க்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

டெக்னோவும், அதைப் போன்ற இன்னொரு மின்னணு நடன இசையான ஹவுஸும் முயன்று பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் அரை மணி நேரம் "பாட்டு எப்போது தொடங்கும்?" என்றுதான் தோன்றும். திருவிழாவில் மேளம் அடிக்கும்போது பாட்டு எங்கே என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அதே காதோடு கேளுங்கள். அடி மாறாமல் போய்க்கொண்டே இருக்கும். அதன் மேலே ஒரு சின்ன ஓசை மெல்ல ஏறும், இறங்கும், காணாமல் போகும், பத்து நிமிடம் கழித்துத் திரும்ப வரும். அதைக் கவனிக்கத் தொடங்கியதும் உடம்பு தானாகவே பிடித்துக்கொள்ளும். பாடல் வரிகளும் கொஞ்சம் பாடும் குரலும் வேண்டும் என்றால் டெக்னோவை விட ஹவுஸ் உங்களுக்குச் சுலபமாக இருக்கும்.

இசையை முடிவு செய்த பிறகு ரெசிடென்ட் அட்வைசர் செயலியைத் திறந்து அந்தத் தேதியில் பெர்லினில் யார் யார் வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாப் பெயரும் புதிதாக இருக்கும், பரவாயில்லை. ஒவ்வொரு டிஜேயின் பழைய செட் (இடைவிடாமல் வாசித்த இசைத் தொகுப்பு) ஒன்றையாவது சவுண்ட்கிளவுடிலோ யூடியூபிலோ இருபது நிமிடம் கேளுங்கள். சமைக்கும்போது கேட்டால் போதும். பிடித்தவர் எங்கே வாசிக்கிறாரோ, அதுதான் உங்கள் கிளப். ஒரே கிளப்பில் வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம், சனிக்கிழமை வேறு கூட்டம் என்று இருக்கும். போன மாதம் நண்பர் ஒருவருக்குப் பிடித்தது என்பதற்காக இந்த மாதம் உங்களுக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

சில இடங்கள், என் கணிப்பில்

முதல்முறை போகிறவர்களுக்கு நான் ட்ரெஸோரைத்தான் சொல்வேன். 2007-இலிருந்து கோபெனிக்கர் ஸ்ட்ராஸயில் ஒரு பழைய மின் நிலையத்துக்குள் இருக்கிறது. ஊபான் என்ற நகர மெட்ரோவின் எட்டாம் தடத்தில் ஹைன்ரிஷ் ஹைன ஸ்ட்ராஸயில் இறங்கி நடக்கலாம். நீண்ட சுரங்கப் பாதை ஒன்றைக் கடந்து கீழ்த்தளத்துக்குப் போனால், தாழ்ந்த கூரை, புகை, கம்பிகளுக்குப் பின்னால் டிஜே, சுவரோரமாகப் பழைய பெட்டக அறையிலிருந்து கொண்டுவந்த துருப்பிடித்த இரும்புப் பெட்டிகள். எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் புகை இருக்கும், மின்னல் விளக்கு அடிக்கும்போது மட்டும் எல்லோரும் ஒரு கணம் தெரிவார்கள். வாசலிலும் மற்ற பெரிய பெயர்களை விடக் கெடுபிடி குறைவு. வலிப்பு நோய் இருப்பவர்கள் இந்த விளக்கு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடைசல் பிடிக்காது, மூச்சு விட இடம் வேண்டும் என்றால் கோடையில் சிஸிஃபோஸ். ரும்மெல்ஸ்பூர்க் பக்கம், ஒரு காலத்தில் நாய் பிஸ்கட் செய்த தொழிற்சாலை. குளம், மரக்குடில்கள், மணல், நடுவே நடன அரங்குகள். வெள்ளிக்கிழமை திறந்தால் வார இறுதி முழுக்க ஓடும். களைத்தால் வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம் என்பதால் கலவையான நண்பர் கூட்டத்துக்கு ஏற்ற இடம். ஓஸ்ட்க்ராய்ட்ஸ் நிலையத்தின் அருகே இருக்கும் அபௌட் பிளாங்க்கிலும் தோட்டம் உண்டு; அது கொஞ்சம் சின்னது, அரசியல் உணர்வு மிக்க கூட்டம்.

டெக்னோவே வேண்டாம், ஆனால் நல்ல ஒலியில் வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்பவர்கள் க்ராய்ட்ஸ்பெர்க்கில் இருக்கும் கிரெட்ஷன் கிளப்பின் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். பிரஷ்யப் படையின் குதிரை லாயமாக இருந்த கட்டடம், வளைவான கூரையும் தூண்களுமாக அழகாக இருக்கும். ஹிப்-ஹாப், டிரம் அண்ட் பேஸ், ஜாஸ், ஆப்பிரிக்க இசை என்று மாறி மாறி நடக்கும். ஓரானியன் ஸ்ட்ராஸயில் உள்ள எஸ்ஓ 36 பழைய பங்க் கிளப். அங்கே பல ஆண்டுகளாக நடக்கும் கேஹானே என்ற குவியர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் மக்களுக்கான) இரவில் துருக்கி, அரபு இசைக்கு ஆடுவார்கள். நம் காதுக்கு அந்தத் தாளம் உடனே பிடிபடும்.

கிட்கேட் கிளப் எப்படிப்பட்டது என்று தெரியாமலேயே பலர் போகிறார்கள். அது பாலியல் சுதந்திரத்தை வெளிப்படையாகக் கொண்டாடும் இடம், உடைக் கட்டுப்பாடு உண்டு, சாதாரண ஜீன்ஸும் சட்டையுமாக விட மாட்டார்கள், உள்ளே நீங்கள் எதையும் பார்க்க நேரிடலாம். தெரிந்து, விரும்பிப் போனால் நல்லது. வேடிக்கை பார்க்க என்று போகாதீர்கள், அங்கே இருப்பவர்களுக்கு அது அவமதிப்பு.

பெர்க்ஹைன்? 2004-இல் திறந்தது, ஓஸ்ட்பான்ஹோஃப் அருகே பழைய மின் நிலையம், கீழே டெக்னோ, மேலே பனோரமா பாரில் பெரும்பாலும் ஹவுஸ், சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கி திங்கள் காலை வரை. அதன் ஒலியமைப்புக்காகவே ஒருமுறை போக வேண்டிய இடம்தான். ஆனால் முதல் முறையே அங்கே போக வேண்டாம். வேறு இரண்டு மூன்று இடங்களில் ஆடிப் பழகி, இந்த இசை உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு, தனியாகவோ இருவராகவோ ஞாயிற்றுக்கிழமை பகலில் போங்கள்.

கிளப் வேண்டுமா வேண்டாமா என்றே தெரியாதவர்களுக்கு, நாய்கோல்னில் ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்தும் மாடிக்கு மேலே க்ளுங்கர்க்ரானிஷ் இருக்கிறது. சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு இசை கேட்டுவிட்டு இரவு வீடு திரும்பிவிடலாம். ஒன்று மட்டும்: பழைய வலைப்பக்கங்களை நம்பிக் கிளம்பாதீர்கள். வாடகை ஏற்றத்தால் இங்கே கிளப்கள் வரிசையாக மூடுகின்றன. ஷ்ப்ரே ஆற்றங்கரையில் இருபது ஆண்டுக்கும் மேல் இருந்த வாட்டர்கேட் 2024 கடைசியோடு மூடிவிட்டது, இன்னும் பல பட்டியல்களில் அதன் பெயர் இருக்கிறது.

எத்தனை மணிக்குக் கிளம்புவது

சனிக்கிழமை நள்ளிரவு 1 மணியிலிருந்து 3 மணி வரைதான் வரிசை மிக நீளம். அதைத் தவிர்க்க இரண்டு வழி. கதவு திறந்த உடனே போவது. உள்ளே காலியாக இருக்கும், ஆனால் நிதானமாக இடத்தைப் பார்த்துப் பழகலாம். அல்லது நன்றாகத் தூங்கி எழுந்து, காலை உணவு சாப்பிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை போவது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தம். குடித்துக் களைத்த கூட்டம் பெருமளவு கிளம்பியிருக்கும், இசைக்காகவே வருபவர்கள் வந்திருப்பார்கள், மாலையில் வீடு திரும்பி திங்கட்கிழமை வகுப்புக்கோ வேலைக்கோ ஒழுங்காகப் போகலாம்.

வெள்ளி, சனி இரவுகளில் ஊபானும், எஸ்பான் என்ற நகர ரயிலும் விடியும்வரை ஓடும். மற்ற நாட்களில் நள்ளிரவு தாண்டினால் ஊபான் நின்றுவிடும், இரவுப் பேருந்துகள் ஓடும். எம் என்ற எழுத்தில் தொடங்கும் டிராம்கள் எல்லா நாளும் இரவு முழுக்க உண்டு. வார்ஷவர் ஸ்ட்ராஸ வழியாகப் போகும் எம்10 டிராமில் சனிக்கிழமை இரவு ஏறினால் பாதிப் பேர் உங்களைப் போல கிளப்புக்குப் போகிறவர்களாகத்தான் இருப்பார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியைக் கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், போன் சார்ஜ் அதிகாலையில் தீர்ந்துவிடும்.

வாசல்

நம் ஆட்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆறேழு ஆண்கள் சேர்ந்து போகாதீர்கள். எந்த நாட்டு ஆண்களாக இருந்தாலும் பெரிய குழு என்றால் வாசலில் தயங்குவார்கள். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, இடைவெளி விட்டு வரிசையில் நில்லுங்கள், உள்ளே சந்தித்துக்கொள்ளலாம். வரிசையில் உரக்கச் சிரிப்பது, வீடியோ எடுப்பது, தள்ளாடும் அளவுக்குக் குடித்திருப்பது மூன்றும் ஆகாது. ஸ்பேட்டி எனப்படும் இரவுக் கடையில் ஒரு பியர் வாங்கிக் கையில் வைத்துக் குடித்துக்கொண்டே நிற்பது இங்கே சகஜம், ஆனால் வாசலை நெருங்கும்போது பாட்டில் கையில் இருக்கக் கூடாது.

கதவருகே போனதும் ஜெர்மனில் "வீ ஃபீல?" என்று கேட்பார்கள், எத்தனை பேர் என்று பொருள். "ட்ஸ்வை" என்று சொல்லி இரண்டு விரலைக் காட்டினால் போதும். இன்றைக்கு யார் வாசிக்கிறார்கள் என்று சில நேரம் கேட்பார்கள். நீங்கள்தான் முன்பே கேட்டுப் பார்த்து வந்திருக்கிறீர்களே, பெயரைச் சொல்லுங்கள், எதற்குப் பிடிக்கும் என்றும் ஒரு வரி சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொன்னால் போதும். வேண்டாம் என்றால் "ஹாய்ட்ட லைடர் நிஷ்ட்", இன்றைக்கு இல்லை, என்பார்கள். வாதாடாதீர்கள், கெஞ்சாதீர்கள். பெர்க்ஹைன் வாசலில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஸ்வென் மார்க்வார்ட் நல்ல புகைப்படக் கலைஞரும்கூட. உள்ளே என்ன விதமான கூட்டம் சேர வேண்டும் என்று பார்த்துத்தான் வாசலில் நிற்பவர்கள் முடிவெடுக்கிறார்கள். அதற்கு எழுதி வைத்த விதி கிடையாது. அதனால்தான் மாற்றுத் திட்டம் ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும்: நடந்து போகிற தூரத்தில் இன்னொரு கிளப், அதன் நிகழ்ச்சியும் பார்த்து வைத்தது.

ஆனால் நிறத்துக்காகவும் சிலரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது உண்மை, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. இசை தெரிந்து, நிதானமாக, இருவராகப் போயும், முன்னும் பின்னும் நின்றவர்கள் எல்லோரும் உள்ளே போக உங்களை மட்டும் நிறுத்தினால் அது உங்கள் தவறல்ல. 2006-இல் வந்த சம நடத்தைச் சட்டம், ஆகெகெ என்று சொல்வார்கள், இன அடிப்படையில் கிளப்பில் அனுமதி மறுப்பதைத் தடை செய்கிறது. நீதிமன்றங்கள் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டிருக்கின்றன. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் இழப்பீட்டுக் கோரிக்கை வைக்க வேண்டும். ஜெர்மன் மத்திய அரசின் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கறுப்புதான் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, பளபள ஷூ, அலுவலக விருந்துக்குப் போகிற தோரணை, இவைதான் பொருந்தாது. பல மணி நேரம் நின்று ஆடக்கூடிய காலணி, உள்ளே வியர்த்துக் கொட்டும் என்பதால் மெல்லிய சட்டை, வெளியே குளிருக்குக் கனமான கோட். கோட்டைக் கார்டரோபில் இரண்டு மூன்று யூரோ கொடுத்து வைத்துவிடலாம், டோக்கனைத் தொலைக்காதீர்கள்.

பாஸ்போர்ட் அல்லது வதிவிட அட்டை அசலாகக் கையில் இருக்கட்டும், போனில் உள்ள படத்தை ஏற்க மாட்டார்கள். 18 வயது கட்டாயம், சில இரவுகளுக்கு 21. நுழைவுக்கு 15 முதல் 25 யூரோ, பெரிய இடங்களில் அதற்கும் மேல். பணமாகவே வைத்திருங்கள், எல்லா இடத்திலும் கார்டு எடுப்பதில்லை. பாட்டிலுக்கும் கிளாஸுக்கும் முன்பணம் பிடிப்பார்கள், காலியைத் திருப்பிக் கொடுத்தால் அது கைக்கு வரும். முன்பதிவு டிக்கெட் இருந்தாலும் வாசலில் மறுக்கலாம் என்பதால் வாங்கும் முன் பணம் திரும்பக் கிடைக்குமா என்று படித்துவிடுங்கள்.

உள்ளே போன பிறகு

சோதிக்கும் இடத்தில் உங்கள் போனை வாங்கி, முன்னும் பின்னும் கேமரா மேல் ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அதை எடுக்காதீர்கள். எடுத்துப் படம் பிடித்தால் பேச்சே இல்லை, வெளியேதான். படம் இல்லை என்பதால்தான் அங்கே எல்லோராலும் இயல்பாக இருக்க முடிகிறது, பெண்களுக்கும் குவியர் மக்களுக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கொஞ்சம் யோசித்தால் புரியும்.

யாரையும் கேட்காமல் தொடக் கூடாது, உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது. சிரித்தார் என்றால் சிரித்தார், அவ்வளவுதான். உங்களுக்கு யாராவது தொல்லை கொடுத்தால் பாரில் இருப்பவரிடமோ, பெரும்பாலான கிளப்களில் இருக்கும் அவேர்னெஸ் குழுவிடமோ உடனே சொல்லுங்கள். அவர்கள் வேலையே அதுதான், நீங்கள் நடந்ததை நிரூபிக்க வேண்டியதில்லை. பெண்கள் தனியாக வந்து ஆடிவிட்டுப் போவது இங்கே மிகச் சாதாரணம். குடிக்கும் கிளாஸைக் கண்பார்வையிலிருந்து விடாதீர்கள்.

காதுக்கு அடைப்பான் கட்டாயம். மருந்துக் கடையில் கிடைக்கும், பல கிளப் பார்களிலும் கிடைக்கும். அதைப் போட்டால் இசை கெடும் என்பது தவறு, அடி இன்னும் தெளிவாகக் கேட்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்; குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்ததுதான். விழித்திருக்க வேண்டும் என்றால் க்ளுப் மாட்டே என்ற காஃபின் பானம் குடிக்கலாம், மது குடிக்காதவர்களை யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

போதைப் பொருள் கண்ணில் படும், அதைச் சொல்லாமல் வழிகாட்டி எழுதினால் அது நேர்மையாக இருக்காது. 2024 ஏப்ரலிலிருந்து பெரியவர்கள் குறிப்பிட்ட அளவு கஞ்சா வைத்திருப்பது மட்டுமே குற்றமல்ல, மற்றவை எல்லாம் குற்றம்தான், விசாவில் இருப்பவர்களுக்கு வழக்கு என்று வந்தால் பின்விளைவு பெரிது. யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்வது சுலபம், வற்புறுத்த மாட்டார்கள். ஜிஹெச்பி என்ற திரவத்தோடு மது சேர்ந்தால் மூச்சு நின்று உயிர் போகலாம். நண்பர் எழுப்பியும் எழவில்லை என்றால் என்ன உட்கொண்டார் என்பதை மறைக்காமல் கிளப் ஊழியரிடம் சொல்லுங்கள், 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள். பயந்து காத்திருக்காதீர்கள்.

பிடிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம், 20 யூரோ கொடுத்துவிட்டோமே என்று நிற்க வேண்டாம். பிடித்திருந்தால் அந்த டிஜேயின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த இரவைத் தேட அதுவே போதும். ஞாயிற்றுக்கிழமை இங்கே சூப்பர் மார்க்கெட்கள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் இருப்பவை மட்டும்தான் திறந்திருக்கும். பாலும் முட்டையும் தயிரும் சனிக்கிழமை மாலையே வாங்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.